கால்நடைகளுக்கு வாசனைத் தைலம்: அளவறிந்து பயன்படுத்துவோம்

சேர்வராயன் மலையில் மழையும் மூடுபனியும் சேர்ந்துவிட்டால் மாட்டுக் கொட்டகையில் ஈயும் கொசுவும் பெருகும். கன்று இருமும். நாய்க்கு உண்ணி ஏறும். இக்காலத்தில் மலைவாழ் விவசாயிகளின் கை முதலில் தேடுவது கூரை எறவாணத்தில் செருகி வைத்திருக்கும் தைலப் புட்டியைத்தான். "மூலிகையிலிருந்து எடுத்தது; கெடுதல் என்ன செய்துவிடப்போகிறது?" என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. இந்த எண்ணம் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியினால் கறவை மாட்டையும் காவல் நாயையும் இழக்க நேரிடலாம். எனவே வாசனைத் தைலங்களைப் பிராணிகள் உள்ள வீட்டில் எவ்வாறு பயன்படுத்துவது, எங்கே அறவே தவிர்ப்பது என்பதை இவ்வாரம் காண்போம்.

ஏற்காட்டுக்கும் வாசனை எண்ணெய்க்கும் உள்ள உறவு பழமையானது. நம் நாட்டில் ஜெரேனியம் பயிர் முதன்முதலாக வணிக நோக்கில் நடப்பட்டது இந்த மலையில்தான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இதனை இங்கே கொண்டுவந்தார். பின்னரே நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அது பரவியது. இன்று ஏற்காட்டுக் கடைவீதியில் யூகலிப்டஸ் தைலம், எலுமிச்சைப் புல் எண்ணெய், சிட்ரோனெல்லா, கிராம்பு எண்ணெய், ஜெரேனியம் எண்ணெய் எனச் சிறு சிறு புட்டிகள் சுற்றுலாப் பயணிகளுக்காக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. இவை மனிதருக்காக விற்கப்படுபவை. மாட்டுக்கு எவ்வளவு, ஆட்டுக்கு எவ்வளவு என்று புட்டியின் மீது எழுதியிருப்பதில்லை.

என் பிழை ஒன்று

அறிவுரை கூறுபவன் தன் பிழையையும் கூற வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இம்மலையின் சிற்றூர் ஒன்றில் உழவர் பயிற்சிக் கூட்டம் நடந்தது. கூட்டம் முடியும் தறுவாயில் ஓர் அம்மையார், மாட்டின் மடியில் ஈ மொய்ப்பதால் பால் கறக்கவே முடியவில்லை என்றார். "எலுமிச்சைப் புல் எண்ணெய் தடவுங்கள், ஈ அண்டாது" என்று கூறிவிட்டு நான் வண்டி ஏறிவிட்டேன்.

அடுத்த மாதம் அதே ஊருக்குச் சென்றபோது அவர் என்னைத் தம் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். மாட்டின் மடியும் தொடையிடுக்கும் முடி உதிர்ந்து, தோல் உரிந்து கிடந்தன. கடையில் வாங்கிய எண்ணெயைக் கலப்பில்லாமல் அப்படியே உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்திருக்கிறார். எரிச்சல் தாளாமல் மாடு யாரையும் மடியில் கை வைக்க விடவில்லை. நான்கு நாட்கள் பால் முழுவதும் கறக்கப்படாமல் தேங்கி மடிநோய் கண்டது. கறந்த சிறிதளவு பாலிலும் எண்ணெய் நெடி வீசியதால் தேநீர்க் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். மருத்துவம் பார்த்தும் நான்கு காம்புகளில் ஒன்று வற்றிப்போயிற்று. அந்த மாட்டுக்கு வாங்கிய கடன் தவணை மட்டும் வற்றவில்லை.

"ஐயா, நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன். எவ்வளவுன்னு நீங்க சொல்லலையே" என்றார் அந்த அம்மையார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று முதல் அளவு கூறாமல் எந்த மருந்தையும் நான் பரிந்துரைப்பதில்லை. இக்கட்டுரைக்கும் அதுவே காரணம்.

இலை வேறு, எண்ணெய் வேறு

இலையையும் பூவையும் பட்டையையும் நீராவியில் காய்ச்சி வடிக்கும்போது அவற்றிலுள்ள மணச்சத்து மட்டும் பிரிந்து வருகிறது. இதுவே வாசனை எண்ணெய். இது தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் போன்ற கொழுப்பு எண்ணெய் அன்று. ஒரு சொட்டைத் தாளில் விட்டுப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் பிசுக்குக் கறையாக நின்றுவிடும். வாசனை எண்ணெய் சிறிது நேரத்தில் ஆவியாகி மறைந்துவிடும். மறையாமல் பிசுக்கு நின்றால் அதில் வேறு எண்ணெய் கலந்துள்ளது என்று பொருள்.

இது எவ்வளவு செறிவானது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். யூகலிப்டஸ் இலை 100 கிலோவைக் காய்ச்சினால் சுமார் 1 கிலோ தைலம் கிடைக்கும். எலுமிச்சைப் புல் 100 கிலோவுக்குச் சுமார் 300 கிராம். ஜெரேனியம் தழையோ 100 கிலோவுக்கு 100 முதல் 150 கிராம்தான். இக்கணக்கின்படி ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. யூகலிப்டஸ் தைலம் ஏறக்குறைய அரைக் கிலோ இலையின் சாரமாகும். ஆடு வேலியோரத்தில் துளசியையோ நொச்சியையோ இரண்டு வாய் கடித்தால் ஒன்றும் ஆவதில்லை. அதே செடியின் எண்ணெயை ஒரு கரண்டி புகட்டினால் அது தின்றிராத அளவை ஒரே விழுங்கில் தின்னச் செய்கிறோம். பாட்டிமார் பயன்படுத்தியது பெரும்பாலும் இலையும் கஷாயமும்தான். அந்தப் பழக்கத்தின் பாதுகாப்பைப் புட்டி எண்ணெய்க்கும் இருப்பதாக நினைப்பது தவறு.

உடலில் என்ன நடக்கிறது?

வாசனை எண்ணெய் மூன்று வழிகளில் பிராணியின் உடலுக்குள் செல்கிறது. தோல் வழியாக ஊறும். மூச்சு வழியாக நுரையீரலை அடையும். மூன்றாவது வழியை நாம் மறந்துவிடுகிறோம்: நக்குதல். மாடு, நாய், பூனை எதுவாயினும் உடம்பில் தடவியதை நாவால் நக்கி விழுங்கிவிடும். ஆகவே மேலே தடவும் மருந்தும் உள்ளே போகும் மருந்தே என்று கொள்ள வேண்டும்.

உள்ளே சென்றதை முறித்து வெளியேற்றும் வேலை ஈரலுடையது. எல்லாப் பிராணிகளுக்கும் ஈரலின் திறன் ஒன்றுபோல் இல்லை. எடை குறைந்தவை, இளங்குட்டிகள், சினையானவை, நோயுற்றவை ஆகியவற்றுக்குச் சிறிய அளவே பெரிய அளவாகிவிடும்.

பூனை: பூனைக்கு வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். கிராம்பு, ஓமம், பட்டை எண்ணெய்களில் உள்ளது போன்ற காரச் சத்துகளை முறிப்பதற்கு வேண்டிய நொதி பூனையின் ஈரலில் மிகவும் குறைவு. மனிதர் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் போக்கப் போதுமானது. அதற்கும் காரணம் இந்தக் குறைபாடே. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் எண்ணெயும் பூனைக்கு ஆகாது. வலிநிவாரணக் களிம்புகளிலும் தைலங்களிலும் சேரும் வின்டர்கிரீன் எண்ணெய் இன்னும் கொடியது. அந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேற்பட்டவற்றின் வீரியம் அடங்கியுள்ளது. தைலம் பூசிய கையோடு பூனையைத் தடவுவதையும் தவிர்க்க வேண்டும்.

நாய்: உண்ணிக்காகவும் சொறிக்காகவும் 'டீ ட்ரீ' எண்ணெயை நாய்க்குத் தடவும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. பெயரைக் கண்டு இது தேயிலையின் எண்ணெய் என்று எண்ண வேண்டாம். இது ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் எண்ணெய். நம் தைல மரம், கிராம்பு, கொய்யா, நாவல் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதைக் கலப்பில்லாமல் பயன்படுத்தியதால் பாதிக்கப்பட்ட 443 நாய், பூனைகளின் விவரங்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2014-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். எச்சில் வடிதல், தள்ளாட்டம், பின்னங்கால் சோர்வு, நடுக்கம் ஆகியவை முக்கிய அறிகுறிகள். தடவிய 2 மணி முதல் 12 மணி நேரத்துக்குள் இவை தோன்றும். மூன்று நாட்கள் வரைகூட நீடிக்கும். எனவே நாயின் உண்ணிக்குக் கால்நடை மருத்துவர் எழுதித்தரும் மருந்தே சிறந்தது.

மாடு, ஆடு: அசைபோடும் பிராணிகளின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. தீவனத்தைச் செரிக்கச் செய்பவை இவையே. வாசனை எண்ணெய்களின் கிருமிக்கொல்லிக் குணம் நல்ல நுண்ணுயிர்களையும் விட்டுவைப்பதில்லை. அதிக அளவில் உள்ளே சென்றால் அசைபோடுவது நின்று தீவனம் கழியும். வயிற்று உப்புசத்துக்கு டர்பன்டைன் எண்ணெயைக் கொழுப்பு எண்ணெயில் கலந்து கொடுப்பது மருத்துவ வழக்கத்தில் உள்ளதே. ஆனால் அதன் அளவையும் நேரத்தையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து புகட்டும் முறையில் உள்ளது. மாட்டின் தலையை அண்ணாந்து தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்து மூங்கில் குழாயால் ஊற்றும்போது, நீர் போன்று மெல்லிய தைலம் மூச்சுக்குழாயில் நழுவி நுரையீரலில் இறங்கிவிடும். பிறகு வரும் நுரையீரல் அழற்சிக்கு மருத்துவம் செய்வது கடினம். இருமும் கன்றின் மூக்குத் துளையில் தைலம் விடுவதும் இதே போன்றதுதான். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாடு சுவாசிக்கும் காற்றிலுள்ள நெடி நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து அரை மணி நேரத்துக்குள் பாலில் இறங்கிவிடக்கூடும். தடவியது முதுகில்தானே என்று நினைக்கக் கூடாது. கறவைக்கு முன்பு கொட்டகையில் எந்தத் தைலமும் தெளிக்க வேண்டாம். கறந்து முடித்த பிறகே தெளிக்க வேண்டும்.

கோழி: பறவைகளின் நுரையீரலோடு காற்றுப் பைகளும் இணைந்துள்ளன. காற்றிலுள்ள நச்சு அவற்றை விரைவில் தாக்கும். மூடிய கோழிக் கூண்டில் தைலப் புகையோ கற்பூரப் புகையோ போடலாகாது. கூண்டைக் கழுவ வேண்டுமானால் கோழிகளை வெளியேற்றிக் கழுவி, வெயிலில் நன்கு உலர்த்தி, நெடி போன பின்னரே திரும்ப அடைக்க வேண்டும்.

தேனீ: காப்பித் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய செய்தி இது. பணித் தேனீக்கள் தம் கூட்டத்தாரைக் கூட்டுக்கு வழிகாட்டி அழைக்க ஒரு மணத்தை வெளியிடுகின்றன. அம்மணத்தில் ஜெரானியால், சிட்ரால் என்னும் பொருள்கள் உள்ளன. ஜெரேனியம் எண்ணெயிலும் எலுமிச்சைப் புல் எண்ணெயிலும் இருப்பவையும் இவையே. அதனால்தான் காலிப் பெட்டியில் பிரிகூட்டத்தை வரவழைக்க எலுமிச்சைப் புல் எண்ணெய் இரண்டொரு சொட்டு தடவுகிறார்கள். அதே எண்ணெயைக் கொசுவுக்காகப் பெட்டிக்கு அருகில் தாராளமாகத் தெளித்தால் தேனீக்கள் குழம்பும். தெளிப்பைப் பெட்டிகளிலிருந்து தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈக்களை விரட்டும் முறை

2019-இல் நம் நாட்டில் நுழைந்த தோல் கழலை நோய் கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவற்றால் பரவுகிறது. ஆகவே ஈயைக் கட்டுப்படுத்துவது இன்று மேலும் அவசியமாகியுள்ளது. ஆனால் முதல் மருந்து புட்டியில் இல்லை. சாணத்தை நாள்தோறும் அகற்றி எருக்குழியில் இட்டு மூடுவதும், மூத்திரக் கால்வாயில் நீர் தேங்காமல் பார்ப்பதும் பாதி ஈயைக் குறைத்துவிடும்.

அடுத்து, மாட்டின் மீது தடவுவதைவிடக் கொட்டகையில் தெளிப்பதே நல்லது. எண்ணெய் தண்ணீரில் கரையாது. வாளித் தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் கலக்கினால் எண்ணெய் மேலே மிதக்கும்; தெளிக்கும்போது ஓரிடத்தில் வெறும் நீரும் மற்றோரிடத்தில் கலப்பற்ற எண்ணெயும் விழும். மிளகுக் கொடிக்கு வேப்பெண்ணெய் தெளிக்கும்போது சோப்புக் கரைசலில் கலப்பது போலவே இதையும் கலக்க வேண்டும். முதலில் 10 மி.லி. எலுமிச்சைப் புல் எண்ணெயைச் சிறிதளவு சோப்புக் கரைசலில் விட்டு, பால் போல் வெளுக்கும்வரை நன்கு அடிக்கவும். பிறகு 1 லிட்டர் நீர் சேர்க்கவும். இதனைச் சுவர், தூண், கால்வாய் ஓரம் ஆகியவற்றில் தெளிக்கலாம். தீவனத் தொட்டியிலும் தண்ணீர்த் தொட்டியிலும் படக் கூடாது. இதன் மணம் சில மணி நேரமே நிற்கும். பலன் குறைந்துவிட்டதென்று அளவைக் கூட்டாதீர்கள். வேண்டுமானால் மறுநாள் மீண்டும் தெளியுங்கள்.

வளர்ந்த மாட்டின் மீது தடவியே ஆக வேண்டுமென்றால் 100 மி.லி. தேங்காய் எண்ணெய் அல்லது வேப்பெண்ணெயில் 1 மி.லி., அதாவது சுமார் 20 சொட்டுக்கு மேல் சேர்க்க வேண்டாம். அதையும் முதலில் கழுத்தோரம் ஓர் உள்ளங்கை அகலத்தில் மட்டும் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தோல் சிவத்தல், தடிப்பு, அரிப்பு இல்லாவிடில் முதுகிலும் கால்களிலும் லேசாகப் பூசலாம். கண், மூக்கு, வாய், மடி, காம்பு, பிறப்புறுப்பு, திறந்த புண் ஆகிய இடங்களில் படவே கூடாது. தடவியபின் கடும் வெயிலில் கட்ட வேண்டாம். கன்றுக்கும் சினைமாட்டுக்கும் இதுவும் வேண்டாம்.

எண்ணெய்க்குப் பதிலாக இலையை நாடுவோருக்கு, உண்ணியை விரட்டும் மூலிகைத் தெளிப்பு ஒன்று உண்டு. இது மரபுவழிக் கால்நடை மருத்துவத்தில் பரிந்துரைக்கப்படுவது. பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி ஆகியவை வகைக்கு ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, 1 லிட்டர் நீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். இதனை வெயில் உள்ள நேரத்தில் மாட்டின் மீது தெளிக்கலாம். கொட்டகை இடுக்குகளிலும் தெளிக்க வேண்டும். உண்ணி முட்டையிடுவது அங்கேதான். வாரம் ஒருமுறை தெளித்து வரவும். செலவும் குறைவு.

புழுவைத்த புண்ணுக்குச் சீத்தா இலையை அரைத்து வைக்கலாம். அல்லது கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயை முதல் நாள் மட்டும் இடலாம். புழு வெளியேறிய பின்னும் நாள்தோறும் கற்பூர எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தால் புண் ஆறாமல் எரியும்.

வீட்டினுள் கவனிக்க வேண்டியவை

தங்கும் விடுதி நடத்துவோரும், சில வீடுகளிலும், தைலத்தை ஆவியாக்கும் மின்கருவிகளை வைக்கிறார்கள். நாயும் பூனையும் உள்ள அறையில் இவற்றை இயக்குவதாயின் கதவு திறந்திருக்க வேண்டும். பிராணி விரும்பினால் வெளியேற வழி வேண்டும். கூண்டுக் கிளியோ புறாவோ உள்ள அறையில் இயக்கவே கூடாது.

தைலப் புட்டியைத் தவிட்டுப் பானைக்கும் பிண்ணாக்கு மூட்டைக்கும் அருகில் வைக்காதீர்கள். டானிக் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். இவை எளிதில் தீப்பற்றக்கூடியவை. விளக்குக்கும் அடுப்புக்கும் தூரமாக வைக்க வேண்டும். பிராணிகளுக்குக் கூறியது குழந்தைகளுக்கும் பொருந்தும். ஒரு தேக்கரண்டி யூகலிப்டஸ் தைலத்தை விழுங்கிய சிறு குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். கற்பூரக் கட்டியும் அவ்வாறே.

நச்சு கண்டால் முதலுதவி

எச்சில் வடிதல், வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், உடல் சில்லிடுதல், மூச்சுத் திணறல், வலிப்பு ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் உடனே செய்ய வேண்டியவை:

1. பிராணியை நல்ல காற்றோட்டமான இடத்துக்கு மாற்றவும்.

2. தோலில் பட்டிருந்தால் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு நன்றாகக் கழுவவும். வெறும் நீர் போதாது. கழுவியபின் துடைத்து, சாக்கு போர்த்திச் சூடு காக்கவும். மலைக் குளிரில் இது மிக முக்கியம்.

3. கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான நீரால் 15 நிமிடம் கழுவவும்.

4. நக்காதபடி பார்த்துக்கொள்ளவும்.

5. விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். வாந்தியோடு தைலம் நுரையீரலில் இறங்கும். பால், எண்ணெய், உப்புநீர் எதையும் புகட்ட வேண்டாம்.

6. தைலப் புட்டியை உடன் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு விரையவும். தொலைவில் உள்ள ஊராயின் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி பெறலாம். எந்த எண்ணெய், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் மறைக்காமல் கூறவும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுப்பது இம்மூன்றையும் வைத்துத்தான்.

நினைவில் கொள்ள வேண்டியவை

கலப்பற்ற எண்ணெய் எந்தப் பிராணியின் மீதும் படக் கூடாது. பூனைக்கும் கோழிக்கும் எந்த அளவும் நல்ல அளவன்று. மடிக்கும் மூக்குக்கும் தைலம் ஆகாது. அளவைச் சொட்டாலும் மி.லி.யாலும் கூற வேண்டும். "கொஞ்சம்" என்பது அளவாகாது.

மேலே கூறிய அம்மையாரின் மாடு மூன்று காம்புகளோடு அதன் பின்னும் இரண்டு ஈற்று ஈன்றது. இப்போது அவர் கொட்டகைத் தூணில் ஒரு சிறு கண்ணாடி அளவுக் குழாயைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அக்கம்பக்கத்தார் தைலம் கலக்க வேண்டுமானால் அங்கே வந்து அளந்து எடுத்துச் செல்கிறார்கள். மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இத்தகைய அளவுக் குழாய் ஒன்றை ஒவ்வொரு கால்நடை வளர்ப்போரும் இந்த மழைக்காலம் தொடங்கும் முன் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.